ஹவ் என்றால் மிதி

பகல் தூக்கத்திலிருந்து விழித்தபோது லட்சுமணனின் வலது குதிகால் எரிந்தது. இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, தூக்க மாத்திரை போட்டு, கட்டிலில் விழுந்தவன் அசையக்கூட இல்லை என்றுதான் நினைத்திருந்தான். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டுக் கட்டையில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னாடி இது?"

கனகவல்லி ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பதை நிறுத்தவில்லை. "உன் பொண்ணக் கேளு. தூங்கற மனுசன வெச்சி வெளையாடிக்கினு கீது."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அன்னக்கிளிக்கு ஏழு வயது. கண்ணாடி வளையல் குலுங்கச் சிரித்தாள். "நான் ஹவ் சொன்னா உன் காலு டங்குனு அடிக்குது நைனா. எப்ப சொன்னாலும் அடிக்குது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனத்நகர்ப் பட்டறையில் அவன் வேலையே அதுதான். கனகவல்லியின் அண்ணன் உலகநாதன் பிரஸ் மிஷினின் அச்சில் தகட்டை வைப்பான். கையை வெளியே இழுத்ததும் 'ஹவ்' என்பான். அந்த ஊர் உருதுவில் 'ஆமாம்'; கை வந்துவிட்டது, மிதி என்று அர்த்தம். லட்சுமணன் பெடலை மிதிப்பான். மேலிருந்து இரும்பு இறங்கும். உலகநாதனின் பத்து விரல்களும் லட்சுமணனின் ஒரு காலில் இருந்தன.

மாத்திரை எழுதிய டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னாள். "படுக்கும்போது ஒண்ணே ஒண்ணு. போட்டா முழுசாத் தூங்கணும். பாதியில எழுந்து மிஷின் பக்கம் போயிடாதே. கள்ளு கூடவே கூடாது. வேற மாதிரி ஏதாவது தெரிஞ்சா நிறுத்தாம, கூட்டாம நேரா என்கிட்ட வா." அவன் கள்ளை விட்டான். டப்பாவைக் குழந்தைக்கு எட்டாமல் டிரங்குப் பெட்டியில் பூட்டினான். பட்டறையில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால் ஃபோர்மன் வரதராஜன் அவனை மிஷினிலிருந்து இறக்கி மூட்டை தூக்க விட்டுவிடுவான்.

குதிகாலை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளிப்போட்டான்.

மாத்திரைத் தூக்கத்திலும் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுத் தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தமும், அடுத்த வீட்டு அம்மிச் சத்தமும், தெருவில் போகும் சைக்கிள் மணியும் மெல்ல மெல்லக் கரைந்து மிஷினின் அடியாகவே மாறும். பெல்ட் ஓடும், தகடு மின்னும், உலகநாதனின் கை போய்ப் போய் வரும். வாசனை மட்டும் இருக்காது. நிஜப் பட்டறையில் கருகிய எண்ணெய் நெடி மூக்கைப் பிய்க்கும். கனவில் அது கிடையாது. மூக்கை உறிஞ்சிப் பார்த்து, ஓகோ, கட்டிலில்தான் கிடக்கிறோம் என்று தெரிந்துகொள்வான். அப்புறம் பயமில்லாமல் மிதிப்பான்.

மறுநாள் காலை மாத்திரையை விழுங்கித் தலையணையை உதறும்போது வாசலில் சைக்கிள் நின்றது. வரதராஜன் இறங்கவில்லை.

"பகல் ஷிப்ட்ல மிதிக்கிறவன் வரல. கெளம்பு."

"இப்பத்தான் சார் வந்தேன்."

"மாமியா வூட்டு விருந்துக்கா வந்துகீற, படுத்துக்க? உன் மச்சான் ஓவர்டைமுக்கு நின்னுட்டான். நீ வரலன்னா கேட்டாண்ட நிக்கிற எவனயாவது இட்டாந்து மிதிக்க வெப்பேன். அப்பறம் உன் மச்சான் கைக்கு நான் பொறுப்பில்ல."

மாத்திரை என்ற சொல் லட்சுமணனின் நாக்கு நுனிவரை வந்தது. மிஷினைத் தொட்டே அறியாத எவனோ ஒருவன் பெடலில் கால் வைப்பதை நினைத்தான். சொல் உள்ளே போயிற்று.

கனகவல்லி சட்டையைப் பிடித்தாள். "போட்டுட்டியேய்யா."

"ஒண்ணும் ஆவாது. உங்கண்ணன் கைய வேற எவங்கிட்டயும் வுட மாட்டேன்."

டீக்கடையில் நின்று இரண்டு டீ குடித்தான். ரோடு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஆடியது. லாரி பக்கத்தில் வந்த பிறகுதான் ஹாரன் கேட்டது.

உலகநாதன் பல்லைக் காட்டினான். "இன்னா மாப்ள, மூஞ்சி அவிச்ச முட்ட மாதிரி கீது? என் கைய வுட்டுட்டு மிதி. மத்தியானம் கொழம்பு ஊத்திப் பெசஞ்சி துன்னணும்."

"வெறுப்பேத்தாத மச்சான். கத்திச் சொல்லு, ஹவ்வ."

ஹவ். மிதித்தான். ஹவ். மிதித்தான். கண்ணை உருட்டி உருட்டி அந்தக் கைகளையே பார்த்தான். முழங்கைவரை எண்ணெய், கட்டை விரலில் பழைய தழும்பு. உள்ளே போகும். வெளியே வரும். ஹவ்.

தலைக்குமேல் தகரக் கூரை முறுக்கிக்கொண்டது.

பட்டறைக்கு ஓட்டுக் கூரை.

எங்கோ அம்மி அரைபட்டது. எண்ணெய் வழியும் அச்சின்மேல் ஒரு கை. சின்னக் கை. கண்ணாடி வளையல்.

லட்சுமணன் மூக்கை உறிஞ்சினான். நெடி இல்லை. மறுபடி உறிஞ்சினான். எதுவுமே இல்லை. கட்டில் கயிறு முதுகில் உறுத்தியது.

அப்பாடா. வீடு.

"ஹவ்," என்றாள் அன்னக்கிளி.

மிதித்தான்.

இரும்பு இறங்கியது. சத்தம் வேறாக இருந்தது. தகட்டின் சத்தமில்லை.

மெதுவாக நெடி வந்தது.

முதலில் கருகிய எண்ணெய். பிறகு சூடான இரும்பு. அதற்கடியில் இன்னொன்று.

எதிரே உலகநாதன் நின்றான். வாய் முழுக்கத் திறந்திருந்தது. பெல்ட் இரைச்சலில் அவன் குரல் கேட்கவில்லை. தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தான். கை வரவில்லை.

காதருகே வளையல் குலுங்கியது.

"ஹவ்."

காலை எடுக்கப் பார்த்தான். கால் இறங்கியது.