வாலுவின் கதவு

புது வீட்டின் சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தபோது, உலகத்திலேயே அதைவிட நல்ல வீடு கிடையாது என்று வாலு நினைத்தாள்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் அழகான பெயர் உண்டு. ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

தன் அறையில் அவள் நின்றால், அறைகளுக்கு நடுவே போகும் நடைக்கு அந்தப் பக்கம் அண்ணன் தன் அறையில் நிற்பது தெரியும். இருவரும் சுவர்களுக்கு மேலே பந்து வீசி விளையாடுவார்கள். நடுவில் நிற்கும் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். அம்மா கடைசி அறையிலிருந்து, "கொத்தனார் மண்டைய உடைச்சிடாதீங்க!" என்று கத்துவாள்.

அப்புறம் சுவர்கள் வளர்ந்தன. ஒருநாள் அண்ணனின் தலைமுடி மட்டும் தெரிந்தது. அடுத்த முறை போனபோது அதுவும் தெரியவில்லை.

வாலு செங்கற்களை அடுக்கி, மேலே ஏறி எட்டிப் பார்த்தாள்.

"இறங்கு கண்ணு, செங்கல் சரியும்," என்றார் கொத்தனார். "உங்க அண்ணன் எங்கயும் ஓடிப் போயிடல."

"அண்ணா, இருக்கியா?"

"இருக்கேன்!" என்று குரல் வந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் இருந்தது.

இத்தனைக்கும், இந்த அறையைக் கேட்டு வாங்கியவளே அவள்தான்.

அவர்கள் இருந்த வாடகை வீட்டில் ஒரே ஓர் அறை. அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். அவர் கையிலிருந்து ஒரு குட்டித் திருகாணி நழுவிவிட்டால் போதும், அது கிடைக்கும்வரை யாரும் அசையக் கூடாது. ஒருமுறை அண்ணன் ஒற்றைக் காலில் நின்றபடியே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டான். அம்மா துணி தைப்பாள். சாப்பாட்டுத் தட்டில் சிவப்பு நூல், பச்சை நூல் என்று தினமும் ஒரு நிறம் வரும்.

அதனால் வீட்டு வரைபடம் போட வந்த இன்ஜினியர் அக்கா, "உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டதும், நான்கு பேரும் ஒரே குரலில், "தனி அறை!" என்றார்கள்.

அப்பாவுக்கு வேலை செய்ய ஓர் அறை. அம்மாவுக்குத் தைக்க ஓர் அறை. இருவருக்கும் தூங்க ஓர் அறை. அண்ணனுக்கு ஓர் அறை.

"எனக்கும் ஒண்ணு!" என்று வாலு குதித்தாள். "கதவு வெச்சு, தாழ்ப்பாள் வெச்சு! அண்ணன் உள்ள வரவே முடியாத மாதிரி பெரிய தாழ்ப்பாளா!"

"வேற ஏதாவது?" என்று அக்கா கேட்டார்.

"அவ்வளவுதான், போதும்!" என்றார் அப்பா. கேட்டது கேட்டபடியே வீடு எழும்பியது.

குடிபோவதற்கு முன்பு, வீட்டைக் கழுவித் துடைக்க எல்லோரும் போனார்கள். உள்ளே நுழைந்ததுதான் தாமதம், அவரவர் அறைக்குள் ஓடிவிட்டார்கள். டப், டப் என்று கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. வாலுவின் கதவு மட்டும் இன்னும் வரவில்லை.

அவள் தரையைத் துடைத்தாள். பெரிய அறை. ஜன்னல் வழியாக வெயில் தாராளமாக வந்தது. சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசம். "ஏய்!" என்று சொல்லிப் பார்த்தாள். வெறுஞ்சுவர் அவள் குரலையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது. வேறு யாரும் பதில் சொல்லவில்லை.

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேட்டு வாங்கிய பொருள் இது. யாரிடம் போய்க் குறை சொல்வது?

அப்பா எட்டிப் பார்த்தார். "எப்படிடா இருக்கு உன் அறை?"

"நல்லா இருக்குப்பா."

அப்பாவின் முகம் பூரித்துப்போனது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் போன பிறகு அறை இன்னும் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

மதியம் அம்மா சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். பக்கத்து அறையில் இருந்த வாலு மட்டும் வந்தாள்.

"தொண்டை கிழியக் கத்துறேன், ஒருத்தர் காதுலயும் விழலையா?" என்றாள் அம்மா.

"எல்லாரும் கதவைச் சாத்திட்டு இருக்காங்கம்மா." வாலு ஒவ்வொரு கதவாகத் தட்டி அழைத்து வந்தாள்.

சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரிக்கும்போதுதான் இன்னொரு சிக்கல். எங்கே உட்காருவது? அப்பாவின் அறையில் பெட்டிகள். அம்மாவின் அறையில் தையல் மிஷின். சமையலறையிலும் மற்ற அறைகளிலும் தரை காயவில்லை. கடைசியில் நடையில் உட்கார்ந்தார்கள். அது ஓர் ஆள் நடக்கிற அகலம்தான். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக நால்வரும் உட்கார வேண்டியிருந்தது.

"டிக்கெட், டிக்கெட்! உள்ள தள்ளி உட்காருங்க!" என்றான் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யார் சிரிப்பதும் யாருக்கும் தெரியவில்லை. சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

"எனக்கு உங்க அப்பாவோட முதுகுதான் தெரியுது," என்றாள் அம்மா.

அம்மா கை கழுவிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, காரணமில்லாமல் நடையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அப்புறம் அப்பாவும் அதையே செய்தார். வாலு தன் அறை வாசலில் இருந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'ஓ, எனக்கு மட்டும் இப்படி இல்லையா?'

அப்போது தச்சர் தோளில் கதவைச் சுமந்துகொண்டு வந்தார். வழவழவென்று இழைத்த புதுக் கதவு. அதில் ஒரு பெரிய தாழ்ப்பாள்.

"எங்க அந்த முதலாளியம்மா? நீ கேட்ட மாதிரியே செஞ்சிருக்கேன். யானை வந்து தள்ளினாலும் திறக்காது!"

அவர் கதவை நிலையில் பொருத்தப் போனார்.

"மாமா, நில்லுங்க! எனக்குக் கதவு வேண்டாம்."

அவள் போட்ட சத்தத்தில் எல்லாக் கதவுகளும் திறந்துகொண்டன.

"என்னடி இது? நீதானே ஒத்தக்கால்ல நின்னு கேட்ட?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. ஆனா..." வாலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, இந்த வீட்டுல நாம எங்க உட்காருவோம்?"

"அவங்கவங்க அறையில, வேற எங்க?"

"அவங்கவங்க இல்லப்பா. நாம."

அப்பா மெல்லத் திரும்பி நடையைப் பார்த்தார்.

"எனக்குத் தனியா இருக்கப் பயமில்ல. ஆனா இங்க ரொம்பத் தனியா இருக்கு," என்றாள் வாலு. "என் அறைதான் பெரிசு. சமையலறையும் பக்கத்துல இருக்கு. கதவு இல்லன்னா எல்லாரும் வரலாம். ஜன்னல் ஓரமா என் கட்டிலை மட்டும் போட்டுக்கறேன்."

"நானும் வரலாமா?" என்றான் அண்ணன்.

"உனக்காகத்தான் தாழ்ப்பாளே கேட்டேன். சரி, வந்து தொலை."

அம்மா ஓடி வந்து அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி, தேவையே இல்லாமல் துடைத்தார்.

தச்சர் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரி. இந்தக் கதவை நான் என்ன பண்றது? என் வீட்ல வாசலை விடக் கதவு ஜாஸ்தியா கிடக்கு."

வாலு கதவைச் சுற்றி வந்தாள். நீளமாக இருந்தது. நான்கு தட்டுகள் வைத்தாலும் இடம் மிஞ்சும்.

"மாமா, இதுக்குக் கால் வெக்க முடியுமா?"

"கதவுக்குக் காலா?" தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெச்சுட்டாப் போச்சு! தாழ்ப்பாளைக் கழட்டிடவா?"

"வேண்டாம், இருக்கட்டும். ஆசையாக் கேட்டது."

குடிபோன அன்று, ஜன்னல் வெயிலில் அந்த மேஜையைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் எல்லோருடைய முகமும் தெரிந்தது. அம்மா வாலுவின் தட்டிலிருந்து ஒரு நீல நூலை எடுத்துப் போட்டாள். ஏதோ திருகாணி நினைவில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மட்டும் சாப்பிடாமல், மேஜை ஓரத்திலிருந்த தாழ்ப்பாளை லொடலொடவென்று ஆட்டினான்.

"வாலு, உள்ள வரலாமா?"

"எல்லாரும் உள்ளதான் இருக்கோம். சாப்பிடு," என்றாள் வாலு.