நான்கு நிமிட மௌனம்

அலைவரிசைக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் புகாரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கோபமாகத்தான் வருவார்கள். அன்று காலை பதினொரு மணிக்கு வந்த பெண் கோபப்படவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க அலைவரிசையில யாராவது குறுக்க வந்தாங்களான்னு பாத்துச் சொல்லணும். இல்லைன்னா தப்பு என்மேலதான்னு நானே ஒத்துக்கறேன்" என்றார்.

மூலையில் நின்ற வேன்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். அலுவலகத்தின் கண்காணிப்பு வேனை ஓட்டுபவர் அவர். வேன் கூரையில் ஆன்டெனா சுழல ஆரம்பிக்கும் முன்பே குற்றவாளி யாரென்று அவர் மனதில் முடிவாகிவிடும். பதினாறு வருடத்தில் இரண்டு தடவை அது சரியாகவும் இருந்திருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்த ஆய்வாளர் அம்மா அப்படியில்லை. ஐம்பதைத் தாண்டியவர், அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் ஆய்வாளர் அம்மா.

வந்தவர் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவர். வீரர்கள் எல்லோரும் அவரை 'கன்ட்ரோல் அக்கா' என்றே கூப்பிடுவார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், மரச்சாமான் கிடங்கு ஒன்றின் நிலவறையில் தீப்பிடித்தது. உள்ளே போன வீரர்களில் ஒருவர் அவருடைய தங்கை கணவர். படிக்கட்டு சரிந்து, கால் சிக்கி, புகையில் மாட்டிக்கொண்டார்.

"மூணு தடவை கன்ட்ரோலைக் கூப்பிட்டிருக்கார். வெளிய நின்ன அத்தனை பேரும் அவங்கவங்க வாக்கி-டாக்கியில கேட்டிருக்காங்க. எனக்கு ஒண்ணுமே வரலைங்க. நான் இடத்தை விட்டு எந்திரிக்கவே இல்லை."

"கேட்டவங்க ஏன் உடனே உள்ள போகலை?" என்று வேன்காரர் இடையில் புகுந்தார்.

"அதுதான் எங்க முறை. ஆபத்துன்னு ஒருத்தர் கூப்பிட்டா மத்தவங்க யாரும் பேசக் கூடாது, அலைவரிசையைக் காலியா விடணும். கன்ட்ரோல் பதில் சொல்லி, யாரு போகணும்னு சொல்லும். ஆளாளுக்கு ஓடினா இன்னும் ரெண்டு பேர் மாட்டுவாங்களே! நான் பேசுவேன்னு அவங்க காத்திருந்தாங்க. நான் பேசவே இல்லை. நாலு நிமிஷம் பொறுத்துப் பாத்துட்டு, நிலைய அதிகாரி முறையை மீறி உள்ள போய்த் தூக்கிட்டு வந்தார்."

கட்டுப்பாட்டு அறையின் ஒலிப்பதிவில் அந்த நான்கு நிமிடம் வெறும் மௌனம். கன்ட்ரோல் அக்கா தூங்கிவிட்டு, பிறகு பதிவை அழித்துவிட்டார் என்று பேச்சு. நாளைக் காலை இறுதி விசாரணை.

"வேலை போனாப் போகட்டும். என் தங்கச்சி ஆஸ்பத்திரி வாசல்லயே என்னைத் தடுத்துட்டா. 'என் வீட்டுக்காரர் கத்தினது எல்லாருக்கும் கேட்டுச்சு, உனக்கு மட்டும் கேக்கலையா'ன்னு கேட்டா. இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு. நிஜமாவே கண்ணசந்துட்டேனோ?"

வேன்காரர் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடே தீர்ப்பும் சொன்னார். "மேடம், இது டாக்சி கம்பெனி வேலை. போன வருஷமும் போலீஸ் அலைவரிசையில புகுந்தானுங்க."

ஆய்வாளர் அம்மா அந்த வியாழக்கிழமையின் கண்காணிப்புப் பதிவைத் திறந்தார். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் ஒதுக்கிய அலைவரிசைகளில் வேறு யாரும் நுழையக் கூடாது. நுழைந்தால் திரையில் தெரியும். மூன்று பன்னிரண்டிலிருந்து மூன்று பதினாறு வரை திரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"உங்க டாக்சி கம்பெனி பாவம், வேன்காரரே. அன்னைக்கு வாயே திறக்கலை. அது மட்டுமில்லை, குன்று மேல இருக்கிற தீயணைப்பு வானொலிக் கோபுரமும் திறக்கலை. வாங்க, போய்ப் பாப்போம்."

முதலில் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார்கள். கன்ட்ரோல் அக்காவின் இருக்கையில் வேறொருவர் இருந்தார். வீரர்கள் பேசும் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒலிபெருக்கியில் 'பிப்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. எரிச்சலாக இல்லையா என்று வேன்காரர் கேட்டார்.

"கோபுரத்தோட பழக்கம் அது" என்றார் இருக்கையில் இருந்தவர். "வாக்கி-டாக்கிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. பேச்சைக் கோபுரம் வாங்கி, வேற அலைவரிசையில பலமா எல்லாருக்கும் திருப்பி அனுப்பும். அனுப்பி முடிச்சதும் இந்தச் சத்தம். நாங்க பேசினாலும் வரும். எங்களுக்கு எது வந்தாலும் கோபுரம் வழியாத்தான் வரும்."

அடுத்து கிடங்கிருந்த தெரு. எதிர்க்கடைத் தையல்காரர் அன்று தீயைக் கைபேசியில் படம் பிடித்திருந்தார். விசாரணைக்கென்று யாரும் தன்னிடம் வரவில்லை என்று அவருக்கு மனக்குறை. படத்தில் புகை தெரிந்தது. தீயணைப்பு வண்டியின் வானொலிப் பெட்டி பேசுவதும் தெளிவாகக் கேட்டது.

"கன்ட்ரோல், இன்னொரு தண்ணி வண்டி வேணும்." பிப்.

"அனுப்பறேன்." இது கன்ட்ரோல் அக்காவின் குரல். பிப்.

பிறகு இருமலோடு ஒரு குரல்: "கன்ட்ரோல், கீழ மாட்டிக்கிட்டேன். ஆள் அனுப்புங்க." சிறிது பொறுத்து மறுபடி அதே குரல். இன்னும் சிறிது பொறுத்து, "அக்கா, கேக்குதா?" அதன்பின் தீயின் இரைச்சல் மட்டுமே. வாசலில் நின்ற வீரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல், வானொலிப் பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

வேன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இவ்வளவு தெளிவாக் கேக்குதே மேடம். அந்தம்மா பொய் சொல்றாங்களோ?" என்று கேட்டார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்று தையல்காரரிடம் சொன்ன ஆய்வாளர் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மூன்றாவதாகத் தீயணைப்பு நிலையம். அங்கே கருவி அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு 'சாவிக்கொத்து' என்று பட்டப்பெயர். இடுப்பில் தொங்கும் சாவிகளால் அவர் வருவது ஒரு தெருவுக்கு முன்பே தெரியும். அடிபட்டவரின் ஏழாம் எண் வாக்கி-டாக்கியை அவரே எடுத்துக் கொடுத்தார். விசாரணைக்காரர்கள் அதைச் சோதித்து, பழுதில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

கருவி முழுக்கக் கரி அப்பியிருந்தது. பக்கவாட்டில் தள்ளுகிற குமிழ் ஒன்று. அதன் ஒரு முனையில் 'கோபுரம்', மறுமுனையில் 'நேரடி' என்று எழுதியிருந்தது. குமிழ் 'கோபுரம்' பக்கம்தான் நின்றது. 'நேரடி' என்ற எழுத்து மட்டும் கரியே படாமல் பளிச்சென்று தெரிந்தது.

"யாரோ துடைச்சிருக்காங்க" என்று வேன்காரர் கிசுகிசுத்தார்.

"ஒரு வார்த்தையை மட்டுமா துடைப்பாங்க?" என்ற ஆய்வாளர் அம்மா சுவரில் தொங்கிய பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டினார். அந்த வியாழக்கிழமை: முற்றத்தில் பயிற்சி, தொடக்கம் இரண்டு மணி, வாக்கி-டாக்கிகள் நான்கும் ஏழும். முடிந்த நேரம் எழுதப்படவில்லை. தீ மணி அடித்தது இரண்டே முக்காலுக்கு.

மாலை ஐந்து மணிக்கு அதே அறையில் எல்லோரும் கூடினார்கள். நிலைய அதிகாரி, சாவிக்கொத்து, கன்ட்ரோல் அக்கா. ஆய்வாளர் அம்மா சொல்லியனுப்பியதால் தங்கையும் வந்திருந்தார். அக்காவும் தங்கையும் அறையின் இரண்டு கோடிகளில் நின்றார்கள்.

ஆய்வாளர் அம்மா தையல்காரரின் படத்தைப் போட்டார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாப் பேச்சுக்கும் முடிவில பிப்னு சத்தம் வருது. இவர் கூப்பிட்ட மூணுக்கும் வரலை. அப்படின்னா இவர் குரல் கோபுரத்துக்குப் போகவே இல்லை."

"ஆனா எங்களுக்குக் கேட்டுச்சே!" என்றார் நிலைய அதிகாரி.

"கேக்கும். குமிழ் 'நேரடி'யில இருந்தா, கோபுரம் திருப்பி அனுப்புற அலைவரிசையிலேயே வாக்கி-டாக்கி பேசும். நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்த அலைவரிசை அதுதானே! பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தெளிவாக் கேக்கும். கன்ட்ரோல் பேசறதும் இவருக்குக் கேக்கும். அதனால இவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனா அந்தக் குரல் தெருமுனையைத் தாண்டாது."

"குமிழ் கோபுரத்துலதான் இருந்துச்சுன்னு விசாரணையில சொன்னாங்களே?"

"அப்புறம் தள்ளியிருக்காங்க. தீயில இருந்தப்போ குமிழ் 'நேரடி'ங்கற எழுத்து மேல நின்னிருக்கு. அதனாலதான் அங்க மட்டும் கரி படலை. முற்றத்துல பயிற்சி நேரடியிலதான நடக்கும்? முடிஞ்சதும் திருப்பித் தள்ளணும். அன்னைக்குப் பயிற்சி முடியலை, பாதியில மணி அடிச்சுடுச்சு." அவர் குரல் இன்னும் தணிந்தது. "நாலாம் நம்பர் யார் கையில இருந்துச்சு?"

சாவிகள் குலுங்கின. சாவிக்கொத்து அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கையிலதான். வண்டியில ஏறினதும் என்னோடதைத் தள்ளினேன். அவருக்குச் சொல்ல மறந்துட்டேன். ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்போ அவர் இடுப்புலேருந்து கழட்டினேன், கை தானாத் தள்ளிடுச்சு. தினமும் செய்யற வேலைதானே? தள்ளினதுக்கு அப்புறந்தான் புரிஞ்சுது. சொல்லணும்னு தினமும் நினைச்சேன். அக்காவைச் சும்மா எச்சரிச்சு விட்டுடுவாங்கன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். மூணு வாரமாச் சோறு இறங்கலை" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

முதலில் பேசியது கன்ட்ரோல் அக்காதான்.

"பயிற்சிப் பேச்சைக் கோபுரத்துல போடாதீங்க, நிஜமான அழைப்பு அடிபட்டுப் போகுதுன்னு உங்களுக்கு எழுதினதே நான்தான். அதுக்கப்புறந்தான் நேரடிக்கு மாத்தினீங்க. பண்ணினது தப்புதாண்ணே, இல்லைன்னு சொல்லலை. நாளைக்கு நீங்களே வந்து சொல்லிடுங்க. நானும் பக்கத்துல இருக்கேன்."

வேன்காரருக்கு அவர்மேல் அப்படி ஒரு மரியாதை பிறந்தது. அவர் இடத்தில் தான் இருந்தால் அந்த இடுப்புச் சாவிகளைப் பிடுங்கி வீசியிருப்போம் என்று நினைத்துக்கொண்டார். பிப் சத்தத்தைக் கேட்டும் கரியைப் பார்த்தும் தனக்கு எதையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லையே என்று வெட்கமும் இருந்தது. அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

தங்கை அதுவரை அசையவில்லை. திடீரென்று கைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார். இரண்டு தடவை எண் தவறிப்போனது. மூன்றாவது தடவை கிடைத்ததும், "என்னங்க, அக்கா இங்கதான் இருக்கா. அவளுக்கு வரவே இல்லைங்க. நீங்க பேசினது அவளுக்கு வரவே இல்லை" என்று அழுதுகொண்டே சொன்னார். பிறகு அறையின் குறுக்கே நடந்துபோய், அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், கைபேசியை நீட்டினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வந்த குரல் புகையில் கெட்டுப்போய்க் கரகரத்தது. அறை அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா... மூணு தடவை கூப்பிட்டேன் அக்கா."

கன்ட்ரோல் அக்கா இரண்டு கையாலும் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். வேன்காரர் ஏதோ பேச வாயெடுக்க, நிலைய அதிகாரி கையமர்த்தினார்.

"இப்போ கேக்குதுப்பா" என்றார் கன்ட்ரோல் அக்கா. "சொல்லு."