மூச்சறையில் பவுன்ராஜ்

அன்று காலை ஒச்சம்மாள் தன் மெக்கானிக் கடையில் இரண்டைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. ஒன்று டீசல் பிக்அப், இன்னொன்று புருஷன். இரண்டில் பிக்அப்தான் சொன்ன பேச்சைக் கேட்டது.

டயர்ப் பள்ளங்களில் சிக்கியிருந்த பொடிக்கற்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தாள். சோதனைக்கூடத்து உருளைமேடையில் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். ஒரு கல் தெறித்தால் பக்கத்தில் நிற்பவர் கதி அவ்வளவுதான். காற்று அளந்தாள், ஆயில் பார்த்தாள், பின்பக்கத்துச் சாமான்களை இறக்கினாள். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளிப்புகளை இறுக்கினாள். அங்கே காற்றுக் கசிந்தால் இழுவை குறையும், புகை கூடும்.

பிறகு பவுன்ராஜிடம் போனாள்.

"மாமா, ஊது."

ஊதினான்.

"பீடி குடிச்சிருக்க."

"தொட்டு மூணு நாளாச்சு. அது உன் சாம்பார் வாசம்டி."

"சாம்பார்ல பொகையிலையா போடுறேன்?"

"யாரு கண்டா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. போதும்.

மாவட்டத்தில் டீசலில் ஓட அனுமதி உள்ளவை பதினோரு வண்டிகள். மழைக்கால நான்கு மாதங்களும் மலைமேல் வெயில் இல்லை, மின்வண்டிகளுக்கு மின்னூட்டம் இல்லை. அரிசியும் மருந்தும் இந்தப் பதினொன்றில்தான் ஏற வேண்டும். ஆண்டுக்கொரு முறை உருளைமேடையில் எண்பது குதிரைத்திறன் காட்டினால் முழுப்பாரம் ஏற்றலாம். காட்டாவிட்டால் அரைப்பாரம்.

எண்பதைக் காட்டுவது பெரிய வித்தை இல்லை. டீசலைக் கூட்டிவிட்டால் எந்தக் கிழட்டு எஞ்சினும் காட்டும், கூடவே கரும்புகையும் கக்கும். ஒரு காலத்தில் புகையைக் கருவி அளந்தது. கருவியை ஏமாற்றினார்கள். பிறகு மெக்கானிக்குகளையே புகைக்குள் உட்கார வைத்தார்கள். அவர்கள் இருமிக்கொண்டே ஜெயித்தார்கள். மனிதனுக்குத் தன் நுரையீரல் எப்போதும் மலிவு. அதற்குப் பிறகு வந்ததுதான் உடன்மூச்சுச் சட்டம். எஞ்சினைச் சரிசெய்தவரின் வீட்டு ஆள் ஒருவர் சோதனை முடியும்வரை மூச்சறையில் இருக்க வேண்டும். குளிரவைத்துக் காற்றில் கலந்த புகை அந்தக் கண்ணாடி அறைக்குள் போகும். முடியவில்லை என்றால் உள்ளே ஒரு மணி இருக்கிறது. அதை அடித்தால் சோதனை நின்றுவிடும்.

ஒச்சம்மாளின் வீட்டில் இருந்த ஒரே ஆள் பவுன்ராஜ்.

எஞ்சின் சுத்தமாக எரிந்தால் எழுபத்து நான்குதான் தரும் என்று அவளுக்குத் தெரியும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் தேய்ந்துவிட்டன. புதிதாக யாரும் செய்வதில்லை.

"டீசல ஏத்தி வையி," என்று முந்தின நாளே சொல்லியிருந்தான் பவுன்ராஜ். "மலைமேல கரடிப்பாறைக்கு மாசம் நாலு நடை போறேன். அரைப்பாரம்னா எட்டு நடை. மண்ணு சரியுற ரோட்டுல எட்டு நடை போகச் சொல்றியா?"

அதனால் டீசல் திருகை ஏற்றி வைத்திருந்தாள்.

சோதனைக்கூடத்தில் அதிகாரி ஷகிலா வண்டியைப் பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்டினார். பவுன்ராஜ் மூச்சறைக்குள் போய்ப் பெண் பார்க்க வந்தவனைப் போல உட்கார்ந்தான். ஒச்சம்மாள் வண்டியில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

எழுபது. எழுபத்து நான்கு. மூச்சறை சாம்பல் நிறமானது. எழுபத்தாறு. பவுன்ராஜின் ஆக்சிஜன் எண் தொண்ணூற்று நான்குக்கு இறங்கியது. தொண்ணூறுவரை சட்டம் அனுமதிக்கும். அவன் புன்னகைத்தான். அடிப்பிடித்த சோற்றைத் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லும்போது வரும் அதே புன்னகை. எழுபத்தெட்டு. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். மறுகையால் வாயைப் பொத்தி இருமினான்.

இன்னும் இரண்டுதான்.

ஒச்சம்மாளின் கால் மேலே வந்துவிட்டது. அவள் எடுக்கச் சொல்லவில்லை. அதுவாக வந்தது.

உருளைகள் ஓய்ந்தன. பவுன்ராஜ் இருமிக்கொண்டே வெளியே வந்தான்.

"ஏண்டி எடுத்த? நான் மணியடிச்சனா?"

"அடிக்கல."

"பெறகு?"

"நீ அடிக்க மாட்டண்டு தெரியும். அதான்."

ஷகிலா சான்றிதழில் அரைப்பாரம் என்று எழுதினார். "ஒம்பது வருசமா இங்க இருக்கேன். ஒரு தடவகூட உள்ள இருக்கவங்க மணியடிச்சதில்ல. எல்லாத்தையும் வெளிய இருக்கவங்கதான் நிப்பாட்டியிருக்காங்க. அந்த மணி வேல செய்யுதாண்டே எனக்குத் தெரியாது."

ஒச்சம்மாள் பானெட்டைத் திறந்து டீசல் திருகைப் பழைய இடத்துக்கு இறக்கினாள். பவுன்ராஜ் பக்கத்தில் வந்து நின்றான். கோபம் இருமலிலேயே பாதி போயிருந்தது.

"எட்டு நடை, ஒச்சம்மா. மழையில."

"தெரியும்."

"மண்ணு சரிஞ்சா..."

"முன்சீட்டுல ரெண்டு பேரு உக்காரலாம்."

"கடைய யாரு பாப்பா?"

"பூட்டு பாத்துக்கிரும்."

"வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவியே."

"நீ இருமிக்கிட்டே கேளு."

சட்டம் எழுதியவர்கள் புகையைத்தான் கணக்கில் எடுத்திருந்தார்கள். மாதம் நான்கு முறை ஒருவன் போய்வந்த சாலையில் இனி எட்டு முறை இருவர் போவார்கள். அதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

"மழைக்கோட்டு ஒண்ணுதானடி இருக்கு," என்றான் பவுன்ராஜ்.

"ஆமா," என்று பானெட்டை அறைந்து மூடினாள். "அது எனக்கு."