மீன் தொட்டியில் ஒரு சிவப்பு வட்டம்

காலை மணி ஏழு பத்து. கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு ஹாலைக் கூட்ட வந்த பெண், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அலறினாள். பெரியவர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

பெரியவர் ஒரு மீன். முழங்கை நீளம், ஆரஞ்சு நிறம், உலகத்தின் மேல் தீராத சலிப்புக் கொண்ட முகம். கண்கட்டு அவிழ்த்த நோயாளியை டாக்டரம்மா நேராக அந்தத் தொட்டியின் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார். "பெரியவர் எந்தப் பக்கம் போறார், சொல்லுங்க" என்பார். அந்த ஊரில் எத்தனையோ பேர் திரும்பக் கிடைத்த பார்வையால் முதன்முதலில் பார்த்தது அந்தக் கடுகடுத்த முகத்தைத்தான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் வாழும் இனம் அது. இரவு முழுக்கக் குளிர் வாட்டியெடுத்திருந்தது. தொட்டித் தண்ணீர் சில்லென்று கிடந்தது. சுவரில் ஹீட்டரின் சுவிட்ச் அணைந்திருந்தது.

ஒன்பது மணிக்கு 'ஃபோகஸ்' வந்து சேர்ந்தாள். தொழிலில் அவளுக்கு அதுதான் பெயர். ஆஸ்பத்திரிக்காக ஒரு வீடியோ எடுக்க முந்தின நாள் வந்தவள். மீனைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, இரவே டாக்டரம்மாவுக்கும் மேனேஜருக்கும் அனுப்பியிருந்தாள். பாராட்டுவதற்குத்தான் அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

டாக்டரம்மாவின் அறையில் யாரும் அவள் சட்டையைப் பார்க்கவில்லை. மேனேஜர் டிவி பக்கத்தில் நின்றார். அவர் டாக்டரம்மாவின் உடன்பிறந்த தம்பி. கதவோரம் அட்டெண்டர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து பெரியவருக்குத் தீனி போட்டவர் அவர்தான்.

"பாருக்கா" என்று வீடியோவை நிறுத்தினார் மேனேஜர்.

திரையில் பெரியவர் உயிரோடு இருந்தார். கண்ணாடியே இல்லாததுபோல அவ்வளவு தெளிவு. தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், சூட்டைக் காட்டும் சின்னப் பெட்டி. அதன் முகம் கரிபோல் இருண்டிருந்தது.

"எப்பவும் நீலமா எரியும், இருபத்தெட்டுன்னு காட்டும். நேத்து சாயங்காலம் நாலு மணிக்கே அணைஞ்சு கிடக்கு. ஷூட்டிங்குக்காக லைட்டை அணைச்சது யாரு? இவர்தான். அதே போர்டுலதான் ஹீட்டர் சுவிட்சும் இருக்கு. அதை அணைச்சா டப்பாவும் அணைஞ்சிடும்."

டாக்டரம்மா அட்டெண்டரைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"லைட்டை அணைங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சும்மா. அணைச்சேன். அப்புறம் லைட்டு ரெண்டையும் போட்டேன்." அவர் குரல் உள்ளே போனது. "ஹீட்டரைத் தொட்டதா ஞாபகம் இல்ல. ஆனா படத்துல இருக்கே. கை தவறியிருக்கும். நான்தான் கொன்னுட்டேன்போல."

"நானும் அப்ப அங்கதான் நின்னேன்" என்றார் மேனேஜர். "டப்பா அணைஞ்சு கிடந்ததை என் கண்ணாலயே பார்த்தேன். ஷூட்டிங்கைக் கெடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன். என் தப்புதான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மீனை இழந்த வருத்தத்தைவிட, நம்பிய ஆள் கோட்டைவிட்டதுதான் அவரை அதிகம் சுட்டது. "இன்னையோட நின்னுக்கச் சொல்லிடு" என்று தம்பியிடம் சொன்னார். அட்டெண்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

விளக்கை அணைக்கச் சொன்னது ஃபோகஸ். ஆளைக் காட்டிக்கொடுத்தது அவள் எடுத்த படம். ஷூட்டிங் முடிந்ததும் அவளுடைய ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தவர் இந்த மனிதர்தான்.

"டாக்டரம்மா, நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க" என்றாள். "எதுக்குன்னு எனக்கே இன்னும் தெரியல. என் படத்தால ஒருத்தர் வேலை போகுது. படத்தை நான் இன்னொரு தடவை பார்க்கணும்."

டாக்டரம்மா சரியென்று தலையசைத்தார்.

பகல் பதினொன்றரை. ஃபோகஸ் ஹாலில் முந்தின நாள் நின்ற அதே இடத்தில் நின்று, செய்ததையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முதலில் வைடு லென்ஸைத்தான் மாட்டினாள். அது தொட்டியின் ஓரங்களை வளைத்துக் காட்டியதால் கழற்றிவிட்டு ஐம்பது எம்.எம். லென்ஸுக்கு மாறினாள். வெயிலே இல்லாத ஹாலில் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டருக்கு வேலையில்லை. அது பையிலேயே தூங்கியது. விளக்கை அணைத்த பிறகும் ஜன்னலும் நாற்காலி வரிசையும் தொட்டிக் கண்ணாடியில் பிரதிபலித்தன. அதற்காகச் சற்றே சாய்வாக நின்று, லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டரை மாட்டி, நாற்காலிகள் மறையும்வரை அதன் விளிம்பைத் திருகினாள். அந்த ஃபில்டர் வெளிச்சத்தைத் தின்னும். ஈடுகட்ட லென்ஸை முழுசாகத் திறந்தாள். மீன் மட்டும் பளிச்சென்று இருக்க, பின்னால் உள்ளதெல்லாம் பஞ்சாகக் கலைந்தது. பாடப் புத்தகத்தில் இருப்பதுபோலச் சரியான தேர்வு. எதிலும் தப்பு இல்லை.

ரிசப்ஷனில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "காலையில மேனேஜர் சார் போட்டுப் பார்த்தப்ப நானும் பார்த்தேன், சூப்பரா எடுத்திருக்கீங்கக்கா. அதுவும் பாதியில பின்னாடி ஒரு சிவப்புப் பூ வருதே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"எந்தப் பூ?"

கேமராவில் ஓட்டிப் பார்த்தார்கள். பாதிப் படத்தில், பெரியவரின் வாலுக்குப் பின்னால், பழம்போல மெத்தென்ற ஒரு சிவப்பு வட்டம் வந்தது. ஃபோகஸ் தொட்டிக்குள் பார்த்தாள். பச்சைச் செடி, கூழாங்கல், கல்லுக்குப் பின்னால் விரல் தடிமனில் ஹீட்டர் குழாய். பூ என்று எதுவும் இல்லை.

தன் துண்டையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் திணித்துக்கொண்டிருந்த அட்டெண்டரிடம் போனாள்.

"அண்ணே, ஹீட்டர் குழாயில லைட்டு எதுவும் இருக்கா?"

"நுனியில கடுகளவு ஒண்ணு இருக்கும்மா. சிவப்பு. சூடு குறைஞ்சா எரியும், ஏறினா அணையும்."

"நேத்து என்னை பஸ் ஏத்திட்டுத் திரும்ப இங்க வந்தீங்களா?"

"இல்லம்மா. அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன். 'நான் பூட்டிக்கறேன், கிளம்புங்க'ன்னு மேனேஜர் சார்தான் சொன்னாரு."

ஃபோகஸ் ஹீட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு, பையிலிருந்து போலரைசரை எடுத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வழியே ஹாலைச் சுற்றிப் பார்த்தபடி விளிம்பைத் திருகினாள். ஓரிடத்தில் கை நின்றது. "அடப்பாவி" என்றாள். திட்டியது ஃபில்டரையா, ஆளையா, தன்னையேவா என்று கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

மாலை நான்கு மணி. நால்வரும் தொட்டி முன்னால் நின்றார்கள். ஹீட்டரை மறுபடி போட்டிருந்தார்கள். சுவர்ப் பெட்டி நீலமாக எரிந்தது.

"டாக்டரம்மா, இதைக் கண்ணுகிட்ட வெச்சு அந்தப் பெட்டியைப் பாருங்க. மெதுவா விளிம்பைத் திருப்புங்க."

டாக்டரம்மா திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார். ஃபில்டரை விலக்கிப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"அணைஞ்சு போச்சு" என்றார். பிறகு சிரித்தேவிட்டார். "எனக்குத் தோணியிருக்கணும். கூலிங் கிளாஸ் போட்டா கார்ல ஸ்பீடு காட்டற நம்பரே தெரியலைன்னு ஒருத்தர் பதறிக்கிட்டு வந்தாரு. கண்ணுல கோளாறு இல்ல, கண்ணாடியை மாத்துங்கன்னு நானே அனுப்பினேன்."

"அதேதான். இந்தப் பெட்டித் திரையோட வெளிச்சம் ஒரே திசையில அதிர்ந்து வர்றது. பிரதிபலிப்பை மறைக்கத் திருப்பின ஃபில்டர் இதையும் மறைச்சிடுச்சு. நேத்து எரிஞ்சிருந்தாலும் படத்துல இருட்டாத்தான் விழுந்திருக்கும்."

மேனேஜர் கனைத்தார். "சரிம்மா. ஆனா எரிஞ்சுதுன்னும் உன்னால சொல்ல முடியாதே?"

"முடியும் சார்." கேமராத் திரையை டாக்டரம்மா பக்கம் திருப்பினாள். "இந்தச் சிவப்பு வட்டம் பூ இல்ல. ஹீட்டர் நுனியில இருக்கற கடுகளவு லைட்டு. சாதா வெளிச்சம், ஃபில்டர் அதை ஒண்ணும் பண்ணாது. லென்ஸை முழுசாத் திறந்ததால பழம் மாதிரி ஊதித் தெரியுது. நான் எடுத்துக்கிட்டு இருக்கும்போதே அது எரிய ஆரம்பிச்சிருக்கு. சுவிட்ச் அணைஞ்சிருந்தா அது எப்படி எரியும்?"

ஃபோகஸ் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைக் காட்டினாள்.

"படம் எடுத்து முடிச்சதும் அண்ணன் லைட்டைப் போட்டுட்டு என்கூடவே வெளிய வந்துட்டார். அதுக்கப்புறம் அந்த போர்டைத் தொட்டவர் பூட்டினவர் மட்டும்தான்." அவள் மேனேஜரை நேராகப் பார்த்தாள். "கை தவறியிருந்தா அது பெரிய விஷயம் இல்ல சார். ஆனா நாலு மணிக்கு டப்பா இருட்டா இருந்ததை உங்க கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்க. வெறும் கண்ணுக்கு அது நீலமா எரிஞ்சிருக்கும். அதை இருட்டாப் பார்த்தது என் கேமரா மட்டும்தான். வீடியோவைப் பார்த்துட்டு நீங்க சாட்சி சொல்லியிருக்கீங்க."

மேனேஜரின் முகம் வெளிறியது. அக்காவைப் பார்த்தார், பார்வை நிற்கவில்லை.

"பூட்டுறப்ப போர்டுல இருந்த எல்லாத்தையும் ஒரே தள்ளாத் தள்ளி அணைச்சிட்டேன்க்கா. தினமும் அவர்தானே பூட்டுவாரு, எனக்கு எது எதுன்னு தெரியாது. காலையில மீனைப் பார்த்ததும்தான் புரிஞ்சுது. என்ன பண்றதுன்னு தெரியாம வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். டப்பா இருட்டா இருந்துது. தப்பிக்க வழி கிடைச்சிடுச்சுன்னு..."

"மீன் செத்ததுக்கு உன்னை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்டா" என்றார் டாக்டரம்மா. குரல் உயரவில்லை. அதனால்தான் தம்பி இன்னும் குறுகிப்போனார். "ஒரு மனுஷன் தன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு நின்னாரு. அதைப் பார்த்துக்கிட்டே நீயும் நின்னே. நாளையிலிருந்து நீ இந்த ஹாலுக்குள்ள வரவேண்டாம்."

பிறகு அட்டெண்டர் பக்கம் திரும்பிக் கைகளைக் கூப்பினார். "மன்னிச்சுக்குங்க. கேட்டு விசாரிக்காம முடிவு பண்ணிட்டேன். பையை உள்ள வையுங்க."

அட்டெண்டர் அண்ணன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் ஃபோகஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் அணைக்கலையாம்மா?"

"இல்லண்ணே."

"நல்லாத் தெரியுமா? என் கை இல்லையே?"

"உங்க கை இல்லண்ணே. சத்தியமா இல்ல."

நோயாளிகளுக்கான நாற்காலியில் அவர் மெல்ல உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் அவர். கொன்றவனுக்கு அழ உரிமையில்லை என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு, தன் மீனுக்காக அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.