ஊசிக்காது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரை மனைவி ஊதி ஊதிக் குடிப்பதை அவன் முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். டம்ளரின் வெளிப்புறம் குளிரில் வியர்த்திருந்தது. அவளோ கொதிக்கிற காபியை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து ஊதினாள், ஒரு வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டாள்.

“என்ன, தண்ணிய ஊதறே?”

“சுடுதுங்க.”

அவன் சிரித்துவிட்டான். அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறை வாசலில் எட்டு மணிக்கே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவன் போய்த்தான் கதவைத் திறக்க வேண்டும். அம்மா இறந்து அன்றைக்குப் பதினெட்டாவது நாள். தூக்கம் கெட்ட வீட்டில் இதெல்லாம் இருக்கும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஆனால் அந்த வாரமே வீட்டுக்குள் ஒரு வாசனை வந்து குடியேறியது. நாள்கணக்கில் ஈரம் படாத வாயின் வாசனை. ஜன்னலைத் திறந்தாலும் சாம்பிராணி போட்டாலும் அம்மா படுத்திருந்த அறையிலிருந்து மெல்லக் கிளம்பி, சுவரோரமாக நகர்ந்து, சமையலறைக்கு வந்து நின்றுகொண்டது. மனைவி சோற்றைப் பிசைவாள், வாயில் வைப்பாள், மென்றுகொண்டே இருப்பாள், கடைசியில் கண்ணில் நீர் கோக்கக் கையில் துப்பிவிடுவாள். மணிக்கட்டு குச்சியாகிவிட்டது. வயிறு மட்டும் தினமும் கொஞ்சம் முன்னால் வந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், “பாதை நல்லாத்தான் இருக்கு. மாமியார் போன துக்கம், வேற ஒண்ணும் இல்ல” என்றார்.

பிறகு அந்தச் சத்தம். அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நாக்கு பிரிந்து வரும் சத்தம். ப்ச். கொஞ்ச நேரம் கழித்து, ப்ச். அம்மா கடைசி மூன்று நாளும் எழுப்பிய சத்தம் அது. அவன் எழுந்துபோய் அம்மாவின் கட்டிலைப் பார்த்தான். காலி. திரும்பி வந்து மனைவியின் வயிற்றில் காதை வைத்தான்.

உள்ளேயிருந்துதான் வந்தது.

அவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. விழுங்க முடியாத அம்மாவுக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் சொன்னது உண்மை. போகும்போது திரும்பி, “பஞ்சால உதட்டை நனைக்கலாம், பாவம்” என்று சொன்னதும் உண்மை. அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. நனைத்தால் அம்மா இருமுவாள், சளியை உறிஞ்சி எடுக்க அவன்தான் எழுந்து வர வேண்டும், அவனுக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. “ஒரு சொட்டுகூடக் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க” என்றான். மனைவி டம்ளரோடு கட்டிலருகே நின்று அழுதாள். அம்மாவின் கண் அந்த டம்ளர்மேலேயே இருந்தது. அப்படியே நின்றுபோனது.

மூட்டு வலிக்குப் படம் எடுக்க ஒரு புத்த பிக்குணி வந்தாள். அதே ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து, பிறகு தலையை மழித்துத் துறவு பூண்டவள். அவளிடம் மனைவியின் நிலையைச் சொன்னான். தான் மறைத்ததைச் சொல்லவில்லை.

பிக்குணி முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“செத்தவங்க போய்ப் பொறக்கறதுக்கு ஆறு கதி இருக்குப்பா. தேவர், அசுரர், மனுஷர், விலங்கு, பேய், நரகம். நீ சொல்றது பேய்க்கதி. வயிறு மலை மாதிரி, தொண்டை ஊசிக்காது மாதிரி. தண்ணி பட்டா நெருப்பா எரியும்.”

“அவ உயிரோடதானே இருக்கா?”

“தாகத்தோட போனவங்க, கடைசியா யாரப் பாத்தாங்களோ அவங்களப் புடிச்சுக்குவாங்க. நாலு பேருக்குத் தண்ணி குடு. அந்தப் புண்ணியம் அம்மாவுக்குப் போகட்டும்னு சொல்லு. ஆனா மனசுல எதையாவது ஒளிச்சு வெச்சுக்கிட்டுக் குடுத்தா போய்ச் சேராது.”

ஒளித்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தான். பேருந்து நிறுத்தத்தில் ஏழு நாள் பானை பானையாகத் தண்ணீர் வைத்து, குடித்தவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டான். எட்டாம் நாள் மனைவியால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆள் இல்லாத எக்ஸ்ரே அறைக்கு அவளைத் தாங்கிக் கூட்டிப்போனான். மெஷின் முன்னால் நிற்கவைத்து, சுண்ணாம்புக் குழம்பு போன்ற மருந்தைக் கையில் கொடுத்தான். அது இறங்குவது ஸ்கிரீனில் வெள்ளையாகத் தெரியும். எங்கே அடைத்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கைப் பிடித்தான்.

“குடிம்மா.”

குடித்தாள். உடம்பு துடித்தது. வெள்ளை தொண்டையில் நின்றது. அதற்குக் கீழே பாதை ஒரு மயிரிழை. அதுவும் மூடிக்கொண்டு வந்தது.

அவனால் தாங்க முடியவில்லை. “அம்மா! உதட்டை நனைக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நான்தாம்மா மறைச்சேன். தூங்கணும்னு மறைச்சேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவள விட்டுடும்மா. என்னைப் புடிச்சுக்கோ!”

மனைவி கண்ணாடி வழியே அவனைப் பார்த்தாள். இதை அவள் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். அந்தப் பார்வையை அவனால் சந்திக்க முடியவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தான்.

மயிரிழை திறந்தது. வெள்ளை நூலாக இறங்கியது. இறங்குகிறது. இறங்குகிறது! அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

நூல் வயிற்றை அடைந்து பரவியது. பரவிய இடத்தில் ஒரு உருவம் துலங்கியது. பல் இல்லாத ஈறு. நடுவில் நாக்கு.

வாய்.

அம்மாவின் வாய். அண்ணாந்து திறந்திருந்தது. வெள்ளை அதில் சொட்டியது. அது மூடவில்லை.

வெள்ளை வழிந்து பக்கத்தில் பரவியது. அங்கே இன்னொரு வாய். பல்லோடு. யாருடையதோ. அதன் பக்கத்தில் சின்னதாக ஒன்று. அதற்குப் பின்னால். அதற்கும் பின்னால். விளிம்பு வரைக்கும்.

ப்ச்.

“எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னீங்களே,” என்றாள் மனைவி. குரல் அவளுடையதுதான். “இத்தனை பேரு தாகத்தோட இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?”

ஸ்கிரீனில் எல்லா வாய்களும், ஒவ்வொன்றாக, அவன் பக்கம் திரும்பின.