நெஞ்செலும்பில் ஒரு ‘டக்’

முதல் ‘டக்’ பகல் மூன்று மணிக்குக் கேட்டது. கட்டிலில் மல்லாந்து கிடந்த தச்சர் மூச்சை இழுத்தபோது, நடுநெஞ்சில், சரியாக விழாத தாழ்ப்பாள் மாதிரி. ஊரில் பாதிக் கதவுகளுக்குக் கீல் வைத்த மனிதர். நாலு தெரு தள்ளி ஒரு பொருத்து விட்டுப்போனாலும் தூக்கத்திலேயே காது விடைத்துக்கொள்ளும். தன் நெஞ்சுக்குள் விட்டுப்போனால் தெரியாதா?

பைபாஸ் முடிந்து பன்னிரண்டு நாள். நெஞ்செலும்பை ரம்பத்தால் நெடுக அறுத்து, காலிலிருந்து உருவிய ரத்தக்குழாயை இதயத்தில் ஒட்டுப்போட்டு, எலும்பை எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். “எல்லாம் நம்ம தொழில்தான்யா, இழைப்புளி மட்டும் போடல” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. “கையை ஊன்றி எழக் கூடாது. எதையும் தூக்கக் கூடாது. இருமினா தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கணும். உள்ள டக்குன்னு கேட்டா அந்த நிமிஷமே போன் பண்ணுங்க. எலும்பு விட்டுடுச்சுன்னா மறுபடி திறக்கணும்.”

இவ்வளவும் கேட்டுக்கொண்ட மகானுபாவர் இன்று மதியம் என்ன செய்தார்? அலமாரிக் கதவு தரையில் உரசியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைவிட உயிர் போவது மேல். மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு கையாலும் கதவைத் தூக்கிக் கீலில் உட்கார வைத்துவிட்டு வந்து படுத்தார்.

டக்.

சொன்னால் மறுபடி ரம்பம். சொல்லாவிட்டால்? மூச்சைக் குருவி மூச்சாகச் சுருக்கிக்கொண்டார்.

“ஏங்க, முகம் ஏன் வெளுத்துக் கிடக்கு?” மனைவி எட்டிப் பார்த்தாள்.

“வெயில்ல காயப் போடு, சரியாயிடும்.”

“வாயையும் சேர்த்துத் தச்சு அனுப்பியிருக்கலாம்.” அவள் போய்விட்டாள்.

அறையில் மருந்துப் பஞ்சின் வாடை மட்டும் மிச்சமிருந்தது. திரைச்சீலையின் நிழல் போர்வை மேல் ஏறி இறங்கியது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை முனகியது. அந்த முனகலுக்கு நடுவே, இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று, நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் சீராக விழுந்துகொண்டிருந்தது. தச்சர் மூச்சை அடக்கினார். எலும்பு அசையாவிட்டால் சத்தமும் நிற்க வேண்டும்.

டக். டக்.

நிற்கவில்லை.

வியர்வை காதுக்குள் இறங்கியது. இது பொருத்து விட்ட சத்தம் இல்லை. அவருக்குத் தெரியும். அறைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் தட்டும் சத்தம் இது. பூட்டைக் கழற்றப் போன வீடுகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறார்! முதலில் பொறுமையாக. அப்புறம் வேகமாக. அப்புறம் உள்ளங்கையால்.

டக். டக். டக். டக்.

ரம்பமாவது வாளாவது, இனித் தாங்காது. “இங்க வா! நெஞ்சுல காதை வச்சுக் கேளு. ஆஸ்பத்திரிக்குப் போன் போடு!”

ஓடி வந்தவள் குனிந்து காதை வைத்தாள். ஈரத் தலைமுடி அவர் கழுத்தில் சில்லென்று பட்டது. புருவம் சுருங்கியது. அப்புறம் விரிந்தது. கண் கலங்கியது.

“இருங்க,” என்றாள். அவரிடம் இல்லை. நெஞ்சிடம். “கேக்குதுங்க. நல்லாக் கேக்குது.”

“யார்கிட்ட பேசற?”

அவள் நிமிர்ந்தாள். முன்பின் தெரியாதவனைப் பார்க்கிற பார்வை.

“அவர் உள்ள இருக்கார். அப்ப நீ யாரு?”

கத்த வாயைத் திறந்தார். குரல் வந்தது. ஆனால் வாயிலிருந்து இல்லை. தையலுக்கு அடியிலிருந்து. அவருடைய அதே குரல், அவள் பெயரைச் சொல்லி.

“வந்துட்டேங்க,” என்றாள் கொஞ்சலாக.

தையலின் மேல்முனையில், கழுத்துக்குழிக்குக் கீழே, அவள் நகம் மெதுவாக நூலின் நுனியைத் தேடத் தொடங்கியது.