புட்டியின் கழுத்து

கம்பிகளை ஒஸெல்லா உள்ளங்கையால் அமுக்கிய பிறகும், கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் அடங்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. மிசிசிப்பிக் கரைப் பருத்திக் காட்டில் இலைகூட அசையவில்லை. கருகிய சோள ரொட்டியின் வாசனைக்கு அடியில் கற்பூரத் தைல நெடி எழுந்தது. போன மாதம் புதைத்த புருஷன் லெமுவேலின் நெஞ்சில் அவள் தேய்த்த அதே தைலம்.

செத்தவர் கடைசியாகத் தொட்டதை உடைத்து, சில்லு மிச்சமில்லாமல் குழிமேல் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் தேடி வருவார் என்பது அந்த ஊர் நம்பிக்கை. லெமுவேலின் கண்ணாடி மருந்துப் புட்டியை அவளும் உடைத்துதான் வைத்தாள். கழுத்தை மட்டும் வைக்கவில்லை. அதைச் சுண்டுவிரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கினால் கிட்டார் மனுஷக் குரலில் அழும். அந்தக் குரலுக்காக அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருந்தாள்!

பக்கத்து வீட்டு வெர்னிஸ் வேலியில் சாய்ந்து அதட்டினாள். "ஏண்டி, ராத்திரி எங்க வீட்டு மீன் விருந்துல நீதானே வாசிக்கப்போற? அந்தக் கண்ணாடியோட வந்துடாதே. அவன் குழியிலயே போட்டுட்டு வா."

"இருந்தவரைக்கும் கிட்டாரைத் தொட்டா என் விரலை மிதிச்சான். செத்தும் பிடுங்கணுமாக்கும்? போடி!"

"உனக்கு வாய்க்கொழுப்பு அடங்காதுடி." வெர்னிஸ் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

வெளிச்சம் மங்கியது. வாசிக்கப் பழகிய காலத்தில் லெமுவேல் வெளிச்சுவரில் ஆணியடித்து ஒற்றைத் தந்தி வாத்தியமாகக் கட்டிய துடைப்பக் கம்பி மெல்ல அதிர, பலகைகள் முனக, அலமாரியில் கோப்பைகள் நடுங்க, சுவரில் சாய்ந்திருந்த அவள் முதுகெலும்புக்குள் அந்த அதிர்வு ஊர்ந்தது. அவள் சற்றுமுன் வாசித்த பாட்டு. அதே பாட்டுதான்.

நின்றது.

வாசற்படியில் ஈர மண் வாசனை. கிட்டத்தில் தைலம். பிடரியில் குளிர்.

கண்ணாடியை வீசிவிட்டு ஓடியிருக்கலாம். மாட்டாள்.

"தரமாட்டேன்யா! வேணும்னா உக்காந்து கேளு."

வாசித்தாள். ஓங்கி. பிசகாமல்.

பாட்டின் நடுவில் கண்ணாடிக்குள் இடம் நெருக்கியது. குனிந்தாள். சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு விரல் நுழைந்திருந்தது. நகத்துக்குள் கரிய மண்.

அது தன் பக்கம் இழுத்தது. அவள் தன் பக்கம் இழுத்தாள். கிட்டார் இரண்டு குரலில் அழுதது.

அவள் வாசிப்பை நிறுத்தவில்லை.